தகுதி ஒரு கணக்கு, பங்கீடு வேறு கணக்கு: அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, தமிழ்நாட்டு ஆசிரியர்களிடையே நெடுநாள் அதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர் எவராயினும், கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவராயினும், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றது தீர்ப்பு. ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அதற்குள் தேர்ச்சி பெறாவிட்டால் பணியிலிருந்து விலக வேண்டும். ஐந்தாண்டுகளுக்குள் ஓய்வுபெற இருப்பவர்கள் தேர்வெழுதாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கோர முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் முடிவுக்கு விடப்பட்டது. மாநில அரசு சீராய்வு மனு தாக்கல் செய்தது; இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவர்கள் பயிற்சி மையங்களைத் தேடிப் போனார்கள்.

தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை முழுதாகப் படிப்பவருக்கு வேறொன்று கண்ணில் படும். 23ஆவது பிரிவு ஆசிரியரின் தகுதியைப் பற்றியது. அடுத்த 24ஆவது பிரிவு கடமை தவறும் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வகைசெய்கிறது. 25ஆவது பிரிவு ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆசிரியர்கள் இருப்பதை அரசும் உள்ளாட்சி அமைப்பும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 26ஆவது பிரிவு எந்தப் பள்ளியிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. முதல் இரண்டும் ஆசிரியர் மேல் விழும் கடமைகள். அவற்றை மீறினால் வேலைக்கே ஆபத்து. பின்னிரண்டும் அரசின் மேல் விழும் கடமைகள். அவற்றை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நன்கொடை வாங்கும் பள்ளிக்கும் அங்கீகாரமின்றி நடக்கும் பள்ளிக்கும் அபராதம் விதிக்கும் இதே சட்டத்தில், கணித ஆசிரியரே இல்லாமல் ஓராண்டு நடந்த அரசு நடுநிலைப் பள்ளிக்காக யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் தகுதி பற்றிய நமது பொது விவாதம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே முதல் காரணம் என்பது என் கருத்து.

25ஆவது பிரிவில் 'ஒவ்வொரு பள்ளியிலும்' என்று இருப்பது தற்செயலானதல்ல. மாநிலச் சராசரியாகவோ மாவட்டச் சராசரியாகவோ கணக்குக் காட்டித் தப்பிக்கும் பழக்கத்தைத் தடுக்கவே அப்படி எழுதப்பட்டது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒன்றியக் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் திரட்டும் பள்ளித் தரவுத் தொகுப்பான யுடைஸ் பிளஸின் 2024-25 அறிக்கைப்படி நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. மாணவர்கள் ஏறத்தாழ 24.7 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர்கள்கூட வரவில்லை, குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் அதே தரவின்படி ஒரே ஓர் ஆசிரியருடன் நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல். இரண்டு எண்களும் உண்மையானவை. முதலாவது தலைப்புச் செய்தியாகும். இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சட்டத்தின் அட்டவணை ஒரு தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்களைத் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பங்கு அந்த முதல் படியிலேயே நிற்கிறது. அங்கே இருவர் சேர்ந்து ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். அவ்விருவரில் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவு, மதிய உணவு, எமிஸ் என்னும் அரசுக் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், வட்டார வளமையப் பயிற்சி, வங்கிக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருந்துவிட்டால், பட்டியலில் ஈராசிரியர் பள்ளியாக இருப்பது நடைமுறையில் ஓராசிரியர் பள்ளிதான். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றையும் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த மூன்று விலக்குகளே 300 குழந்தைகள் படிக்கும் பள்ளியையும் 30 குழந்தைகள் படிக்கும் பள்ளியையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை.

நடுநிலைப் பள்ளிக்கு வரும்போது சிக்கலின் தன்மை மாறுகிறது. ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். தமிழ்நாட்டில் பாடங்கள் ஐந்து. மூன்று பட்டதாரி ஆசிரியர்கள் மட்டுமே இருக்கும் பள்ளியில் யாரோ ஒருவர் தான் படிக்காத பாடத்தை நடத்தியே தீர வேண்டும். தாவரவியல் படித்தவர் இயற்பியலையும் கணிதத்தையும் நடத்துவார். ஆங்கிலம் படித்தவர் தமிழுக்கும் போவார். இவர்கள் ஒவ்வொருவரும் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர்கள், தகுதித் தேர்விலும் தேறியவர்கள். பதிவேட்டில் அந்தப் பள்ளியின் தகுதிபெற்ற ஆசிரியர் விகிதம் 100 விழுக்காடு. எட்டாம் வகுப்பு மாணவருக்குக் கிடைப்பதோ, இயற்கணிதத்தைத் தானே பள்ளியோடு விட்டுவிட்ட ஒருவரின் கணித வகுப்பு.

தகுதித் தேர்வு இந்த இடைவெளியை அடைக்காது, அதற்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்களில் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும் 30, இரு மொழிகளுக்கும் தலா 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்த பகுதிக்கு அல்லது சமூக அறிவியலுக்கு. தமிழாசிரியரும் அந்த 60 மதிப்பெண்ணுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதியாக வேண்டும். ஒருவர் தமது பாடத்தில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறார் என்பதை இந்தத் தேர்வு மிகக் குறைவாகவே காட்டும். தகுதித் தேர்வு தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. இந்தியாவில் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பான்மை தனியாரிடம் இருக்கிறது. அவற்றின் தரத்தை ஆராய உச்ச நீதிமன்றம் நீதியரசர் ஜே.எஸ். வர்மா தலைமையில் ஆணையம் அமைக்க வேண்டிய நிலை வந்தது. அந்த ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை தந்த படம் நம்பிக்கை ஊட்டுவதாக இல்லை. அப்படிப்பட்ட சூழலில் சான்றிதழை மட்டும் நம்பிப் பணி கொடுக்க முடியாது. வாயிலில் வடிகட்டுவது அவசியம். வாயிலைத் தாண்டி வந்தவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பது அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் வடிகட்டலின் வரலாறு குழப்பமானது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வை ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் எழுத, தேறியவர்கள் 2,448 பேர் மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில் துணைத்தேர்வு நடத்த வேண்டியதாயிற்று. பிறகு தேர்ச்சி மதிப்பெண் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 90இலிருந்து 82ஆகக் குறைந்தது. பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்க்கும் வெயிட்டேஜ் முறை வந்து, மதிப்பெண் தாராளமாகப் போடப்படாத காலத்தில் படித்தவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2018இல் அரசாணை 149 அதைக் கைவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே நேரடி நியமனம் ஆண்டுக்கணக்கில் நின்றுபோக, ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் தேங்கின. தேங்கிய இடங்கள் மாநிலம் முழுவதும் சமமாகப் பரவவில்லை. பரவவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் பணியிட மாறுதல் என்னும் இயந்திரம் வேறு விதமாக ஓடுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பொது மாறுதல் கலந்தாய்வை ஒரு காலத்தின் சிபாரிசு மாறுதல்களோடு ஒப்பிட்டால் அது பெரிய சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. காலிப் பணியிடங்கள் திரையில் தெரிகின்றன. முன்னுரிமைப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிறது. கணவன் மனைவி பணியிடம், மாற்றுத்திறன், கைம்பெண், கடும் நோய் என்று மனிதர்களின் நிலை அறிந்த முன்னுரிமைகள் இருக்கின்றன. இந்த ஒழுங்கு ஆசிரியர்களுக்கிடையே நீதி செய்கிறது. பள்ளிகளுக்கிடையே நீதி செய்வது அதன் நோக்கத்திலேயே இல்லை. பணிமூப்பு உள்ளவர் முதலில் தேர்ந்தெடுப்பார். அவர் தேர்ந்தெடுப்பது பேருந்து வசதியுள்ள, பிள்ளைகளைப் படிக்கவைக்க வசதியான ஊருக்கு அருகில் உள்ள பள்ளியை. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை, யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வரிசையின் கடைசியில் மிஞ்சுவது ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் அஞ்செட்டிப் பகுதியிலும் பர்கூர் மலையிலும் உள்ள இடங்கள். அவை புதிய நியமனத்துக்குப் போகும். புதிதாக வந்தவர் குறைந்தபட்சப் பணிக்காலம் முடிந்ததும் கலந்தாய்வில் விண்ணப்பிப்பார். அவரது இடத்துக்கு மீண்டும் ஒரு புதியவர் வருவார், அல்லது யாரும் வரமாட்டார்.

ஆசிரியர் திறன் முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாக வளர்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அப்படியானால் மலைப்பள்ளிக் குழந்தைகளிடம் ஆசிரியர்கள் தொழில் பழகுகிறார்கள். பழகிய பிறகு அந்தத் தேர்ச்சியின் பயன் சமவெளியில் இருக்கும் வேறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. மலையில் பணியாற்றியவரைக் கீழே இறக்கி, கீழே இருப்பவரை மேலே அனுப்பும் மலை சுழற்சி மாறுதல் தமிழ்நாட்டில் உண்டு, மலைப்படியும் உண்டு. ஆனால் படியின் தொகை ஒரு குடும்பத்தின் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. தங்கக் கண்ணியமான குடியிருப்பும் இல்லாதபோது, வாரத்தில் ஒருமுறை கீழே இறங்கும் ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. அவர் தங்குவதற்கு வீடு கட்டுவது யாருடைய வேலை என்பதை நாம் அவ்வளவு எளிதாகக் கேட்பதில்லை.

இந்த நகர்வுக்கு ஒரு பணக் கணக்கும் உண்டு. அது எங்கும் எழுதப்படாதது. பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகிறது. பணிமூப்பு மிக்க பத்துப் பேர் இருக்கும் நகரையொட்டிய பள்ளிக்கும், புதிதாகச் சேர்ந்த பத்துப் பேர் இருக்கும் மலையோரப் பள்ளிக்கும் பணியிட எண்ணிக்கை ஒன்றே. அரசு செலவிடும் பணமோ முதல் பள்ளிக்கு இரு மடங்காகக்கூட இருக்கலாம். ஊதியம் கருவூலத்திலிருந்து நேரே ஆசிரியரின் கணக்குக்குப் போவதால், எந்தப் பள்ளிக் குழந்தைக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதே சிக்கலை அமெரிக்கா வேறொரு வழியில் சந்தித்தது. 2002 ஜனவரியில் கையெழுத்தான அந்நாட்டுச் சட்டம், முக்கியப் பாடங்களை நடத்தும் ஆசிரியர் அனைவரும் 2005-06 கல்வியாண்டு முடிவதற்குள் 'உயர்தகுதி' பெற்றிருக்க வேண்டும் என்று கெடு விதித்தது: பட்டம், மாநில உரிமம், நடத்தும் பாடத்தில் புலமைக்குச் சான்று. ஏழை மாணவர்களும் சிறுபான்மை இன மாணவர்களும் அனுபவமற்ற, தகுதியற்ற, பாடம் மாறிக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகச் சிக்கக் கூடாது என்பதையும் அதே சட்டம் மாநிலங்களின் பொறுப்பாக்கியது. கெடு முடிந்தபோது ஒரு மாநிலம்கூட 100 விழுக்காட்டை எட்டவில்லை. பல மாநிலங்கள் அனுபவமுள்ள ஆசிரியர்களுக்குப் புலமையை நிறுவ எளிய மாற்றுவழிகளை வகுத்து எண்ணிக்கையை உயர்த்திக் கொண்டன. பங்கீடு பற்றிய கடமை பெரும்பாலும் திட்ட அறிக்கைகளாகவே தங்கியது. 2015 டிசம்பரில் வந்த அடுத்த சட்டம் 'உயர்தகுதி' என்ற நிபந்தனையையே நீக்கிவிட்டது. அங்கும் தகுதியைத்தான் எண்ணினார்கள். எண்ண வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் அளவுகோல் தளர்ந்தது. நம்மிடம் அளவுகோல் இறுகியிருக்கிறது, ஆனால் பங்கீட்டுக் கடமை இரண்டு நாடுகளிலும் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. தென்கொரியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளி மாறுவது வழக்கம். ஜப்பானில் மாகாணக் கல்வி வாரியங்கள் ஆசிரியர்களைச் சுழற்சியில் அனுப்புகின்றன. சிறிய தூரங்களும் நல்ல போக்குவரத்தும் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன என்பதை மறந்து அவற்றை அப்படியே இங்கே நட முடியாது.

தூரம் என்பது தமிழ்நாட்டில் எவ்வளவு கனமான சொல் என்பதற்கு அரசாணை 243 நல்ல சான்று. தொடக்கக் கல்வித் துறையில் ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றி 2023 டிசம்பரில் வெளியான அந்த ஆணைக்கு ஆசிரியர் அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. சொந்த ஒன்றியத்திலேயே தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்றிருக்கக்கூடிய ஒரு பெண் ஆசிரியர், இனிப் பல மாவட்டங்களுக்கு அப்பால் போக வேண்டும், அல்லது பதவி உயர்வைத் துறக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெண்களே பெரும்பான்மை என்பதால் அது வலுவான வாதமும்கூட. ஆனால் பணிமூப்பு ஒன்றியத்துக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தால், தென்மாவட்டங்களில் ஆசிரியர்கள் மிகுவதும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பதும் எப்படித் தீரும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். தெற்கே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அதிகம், பள்ளிக்கு வரும் குழந்தைகளோ குறைந்துவருகிறார்கள். வடக்கே நிலைமை தலைகீழ். தெற்கிலிருந்து வடக்கே நியமனம் பெறுபவர் ஊர் திரும்பும் நாளை எண்ணியபடியே பாடம் நடத்துகிறார்.

மிகுதியைக் குறைக்க அரசிடம் இருக்கும் கருவி பணிநிரவல். ஆகஸ்டு 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்யப்படும். கணக்கை மிஞ்சிய ஆசிரியர் உபரி. உபரியானவர் தேவையுள்ள பள்ளிக்குப் போக வேண்டும். கேட்க முறையாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. உபரி என்று குறிக்கப்படுபவர் பெரும்பாலும் அந்தப் பள்ளியில் இளையவர்; ஆகவே பள்ளிக்கு எந்தப் பாடத்துக்கு ஆள் தேவை என்பதைவிட யார் கடைசியாக வந்தார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அடுத்தது, கணக்கு முடிந்து ஆணை வருவதற்குள் கல்வியாண்டு பாதி நகர்ந்திருக்கும். மாணவர் குறைந்த பள்ளி ஆசிரியரை இழக்கும். ஆசிரியரை இழந்த பள்ளியிலிருந்து மேலும் சில பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறையும்.

மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு முதுகலை ஆசிரியர் இல்லாமற்போவது ஒரு பாடமே இல்லாமற்போவதற்குச் சமம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது; வேதியியல் ஆசிரியர் இல்லாத பள்ளியின் மாணவருக்கு அந்தக் கதவு திறந்திருப்பதால் என்ன பயன்? இத்தகைய காலியிடங்களை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க 2022 ஜூனில் அரசு முடிவெடுத்தது: 13,331 இடங்கள், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பிறகு தொகை முறையே 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. ஏற்பாடு வெற்று வகுப்பறையைவிட மேல் என்பது உண்மை. அதன் உட்பொருள் என்னவென்றால், நிரந்தர ஆசிரியர் போக விரும்பாத ஊரின் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த ஊதியத்தில், அடுத்த ஆண்டு இருப்பாரா என்று தெரியாத ஆசிரியர் கிடைக்கிறார் என்பதே.

இப்போது தகுதித் தேர்வுத் தீர்ப்பு இந்தப் பங்கீட்டில் என்ன செய்யும் என்பதை யோசிக்கலாம். பதவி உயர்வுக்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனிலேயே கூறியதிலிருந்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுகள் சிக்கிக்கொண்டன. தலைமையாசிரியர் இல்லாத பள்ளியில் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பார். அவருடைய வகுப்புக்கு ஆள் இருக்காது. ஆசிரியர் நிறைந்த பள்ளி இதைத் தாங்கிக்கொள்ளும், மூன்று பேர் உள்ள பள்ளியால் முடியாது. இரண்டு ஆண்டு கெடு முடிந்து சிலர் வெளியேற நேர்ந்தால், நகரையொட்டிய நல்ல இடங்களும் காலியாகும். கலந்தாய்வில் அவற்றை நிரப்ப வரிசையில் முதலில் நிற்பவர்கள் இன்று மலையிலும் எல்லையோர ஒன்றியங்களிலும் இருப்பவர்கள். தகுதியை உயர்த்தும் நடவடிக்கை, பங்கீட்டு விதிகளைத் தொடாமல் விட்டால், ஏற்கெனவே ஆளில்லாத பள்ளியிலிருந்தே மேலும் ஆளைக் கழிக்கும்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. அண்டை மாநிலமான கர்நாடகம் ஆசிரியர் மாறுதலுக்கென்றே 2007இல் தனிச் சட்டம் இயற்றி, பள்ளிகளை நகரிலிருந்து உள்ள தொலைவுக்கும் வசதிக்கும் ஏற்ப மண்டலங்களாகப் பிரித்தது. கிராமப்புறப் பணி செய்தவருக்கு விரும்பிய இடத்தில் முன்னுரிமை என்ற கொள்கை, விருப்பத்தையும் தேவையையும் ஒரே வரிசையில் வைக்கிறது. தமிழ்நாட்டின் கலந்தாய்வு முன்னுரிமைகளில் மலைப்பணி ஆண்டுகளுக்குக் கனமான மதிப்பெண் தருவதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. அருகருகே உள்ள மூன்று நான்கு நடுநிலைப் பள்ளிகளை ஓர் அலகாக எடுத்து, அந்த அலகுக்குக் கணிதம் படித்தவர், இயற்பியல் படித்தவர், ஆங்கிலம் படித்தவர் என்று பாடவாரியாகப் பணியிடம் நிர்ணயிப்பதும் முடியாத காரியமன்று. மாணவர் தலைகளை எண்ணும் சூத்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, குறைந்த செலவில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த ஆசிரியர் எந்தப் பட்டம் பெற்றவர், எந்த ஆண்டு பணியில் சேர்ந்தார், எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தை நடத்துகிறார் என்பவை யுடைஸ் படிவத்திலேயே கேட்கப்படுகின்றன. தலைமையாசிரியர்கள் ஆண்டுதோறும் நிரப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆளில்லை, யார் பாடம் மாறிக் கற்பிக்கிறார், ஆசிரியர்களின் சராசரிப் பணியாண்டு எவ்வளவு என்ற மூன்று விவரங்களைப் பெயர் குறிப்பிடாமல் பள்ளிவாரியாக வெளியிட்டால், பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் பெற்றோரின் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி அவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். அந்த முடிவில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த வழி 2010 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது.